முதல் தண்ணீர்

கல்யாண வீட்டில் யாராவது சர்பத் கிளாஸை நீட்டினால் ஜெயந்தினி வாங்கமாட்டாள். "வேணாங்க, இப்பத்தான் டீ குடிச்சேன்" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிடுவாள். சொந்தக்காரர்களுக்கு அது பிடிக்காது. தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்து, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் வளர்ந்தவளுக்குப் பதுளையில் வேலை கிடைத்ததும் நம் வீட்டுத் தண்ணீர் ஆகாமல் போய்விட்டதாக்கும் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவள் பதில் சொல்வதில்லை. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலிருந்து என்னென்ன முளைத்து வரும் என்பதைத் தினமும் பார்க்கிறவள் அவள். தெளிவைக் கண்டு அவளுக்கு நம்பிக்கை வருவதில்லை, அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்துப் பதுளையில் ஒரு நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஊவா மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் குளிர்ப்பெட்டிகளில் போத்தல்கள் வரும். ஒவ்வொன்றிலிருந்தும் அளந்தெடுத்த தண்ணீரை மெல்லிய வடிதாள் ஒன்றின் வழியாக இழுத்து, அந்தத் தாளைச் சின்னத் தட்டில் வைத்து, சூடான அலமாரிக்குள் ஒரு நாள் விட்டுவைப்பாள். மறுநாள் தாளில் மஞ்சள் புள்ளிகள் முளைத்திருந்தால், அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது. எந்த நோயின் கிருமி என்று அந்தப் புள்ளி சொல்லாது. மனிதக் குடலிலோ மாட்டின் குடலிலோ வாழ்கிற கிருமி இதற்குள் வந்துவிட்டது, அது வந்த வழியில் வேறு எதுவும் வரலாம் என்று மட்டும் சொல்லும். புள்ளி எதுவும் இல்லையென்றால் தண்ணீர் நல்லது. அப்படித்தான் அவள் படித்திருந்தாள்.

அவள் பிறந்த தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருக்கிறது. பசறை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, இறங்கியபின் தேயிலைக்குள் ஏறி நடக்கவேண்டும். அப்பா இல்லை. அம்மா, அண்ணன் அஜந்தனோடு மேல் லயத்தில் இருக்கிறார். அஜந்தனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் குழாய், வால்வு, மோட்டார் என்று எதைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டிவிடுவான். தோட்டத்தில் அவனைத் தண்ணீர் வேலைக்குப் போட்டார்கள். மலையில் ஊற்றெடுக்கும் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, வால்வைத் திறந்து, லயம் லயமாக அனுப்புவது அவன் பொறுப்பு. "தண்ணிக்காரர்" என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். தங்கை தண்ணீரைப் பரிசோதிக்கிறாள், அண்ணன் தண்ணீரைத் திறக்கிறான் என்று லயத்தில் வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. அந்த வருஷம் வெயில் காலம் வரும்வரை அது வேடிக்கையாகவே இருந்தது.

அந்த வெயிலில் ஊற்று நூலாக மெலிந்துபோனது. தொட்டி நிறைவதற்கே பாதி நாள் பிடித்தது. முன்பெல்லாம் நாள் முழுக்கத் திறந்திருந்த வால்வை அஜந்தன் முறைவைத்துத் திறக்க ஆரம்பித்தான். காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். மேல் லயத்துக்காரர்கள் பிடித்து முடித்ததும் அங்கே அடைத்துவிட்டு, கீழே உள்ள லயங்களுக்கு விடுவான். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சண்டை வராமல் தண்ணீரைப் பங்கிட்டதற்காக அவனுக்கு நல்ல பெயர் கிடைத்தது.

பிறகு காய்ச்சல் தொடங்கியது. கீழ் லயங்களில் ஒருவர், இருவர் என்று படுத்தார்கள். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். விடாமல் காய்ந்தபோதுதான் பதுளைக்குக் கொண்டுபோய் இரத்தம் சோதித்தார்கள். நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட் என்றது முடிவு. அது தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவுகிற வியாதி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் றிஸாத் குளிர்ப்பெட்டியோடு தோட்டத்துக்கு ஏறினார். ஒழுங்கானவர், விதி தவறாதவர். தொட்டியிலிருந்து ஒரு போத்தல் எடுத்தார். கீழ் லயத்துக் குழாயைத் திறந்து, நன்றாக ஓடவிட்டு, குழாய் வாயை நெருப்பில் வாட்டி, இன்னொரு போத்தல் எடுத்தார்.

அந்தப் போத்தல்களைப் பரிசோதித்தவள் ஜெயந்தினி. எல்லாத் தட்டுகளும் வெறுமையாக இருந்தன. ஒரு புள்ளி இல்லை. தண்ணீர் நல்லது என்று அறிக்கை போனது. அப்படியானால் சாப்பாடுதான், சுத்தக்குறைவுதான் என்று தோட்டத்தில் பேசினார்கள். கையைக் கழுவச் சொல்லி மரங்களில் காகிதம் ஒட்டினார்கள். கழுவவே தண்ணீர் இல்லாத ஊரில் அந்தக் காகிதங்கள் வெயிலில் மஞ்சளித்துத் தொங்கின.

காய்ச்சல் நிற்கவில்லை. பெரியாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண்ணின் கணவர், காய்ச்சலைப் பெரிதாக எடுக்காமல் பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வந்தவர், ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

சாவுக்கு ஜெயந்தினி போனாள். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டிய மனிதர் அவர். கூடாரத்துக்குள் அவள் நுழைந்ததும் பெண்களின் பேச்சு அறுந்தது. பெரியாயி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அழுது வற்றிய கண்கள்.

"வந்துட்டியா? தண்ணி நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தவ நீதானே?"

"அக்கா..."

"அண்ணன் தொட்டியக் கழுவல. ஊரு கேக்கும்னு தங்கச்சி நல்ல தண்ணின்னு எழுதிட்டா. ஒங்க குடும்பம் தப்பிச்சிருச்சு. என் குடும்பம்?"

யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த மௌனத்திலேயே அவளுக்குப் புரிந்தது, இது பெரியாயி மட்டும் நினைப்பதல்ல என்று. அம்மா அவள் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். அஜந்தன் லயத்து ஓரத்தில், ஆண்கள் கூட்டத்திலிருந்து தள்ளித் தனியே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அன்று அவள் பதுளைக்குத் திரும்பவில்லை. அண்ணனின் ஒற்றை அறைக் காம்பராவில் தங்கினாள். படுத்திருந்தாலும் மனம் தட்டுகளையே எண்ணிக்கொண்டிருந்தது. வடிதாளைக் கிழித்துவிட்டேனா? அலமாரியின் சூடு கூடிவிட்டதா? போத்தல் மாறியதா? எதிலும் பிழை தென்படவில்லை. பரிசோதனை சரி. ஆனால் ஒரு மனிதர் செத்திருக்கிறார். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கமுடியும்?

விடிந்ததும் அண்ணன் வால்வைத் திறக்கக் கிளம்பிப் போனான். ஜெயந்தினி கீழ் லயத்துக் குழாயடிக்கு இறங்கினாள். அவளைக் கண்டு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடங்கள் வரிசையில் நின்றன. குழாய் ஏற்கனவே திறந்தேதான் இருந்தது. அதன் வாயடியில் முதல் குடம் காத்திருந்தது.

முதலில் காற்று வந்தது. குழாய் இருமுவதுபோல் விட்டுவிட்டுச் சத்தமிட்டது. பிறகு கொஞ்சம் தண்ணீர் துப்பி, மறுபடி காற்று, மறுபடி தண்ணீர். அந்த முதல் தண்ணீர் இலேசாகக் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. முதல் குடத்துக்காரி குடத்தின் வாயில் ஒரு துணியைக் கட்டி அதையும் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டும் கீழே விழவில்லை.

"கொஞ்சம் ஓடவிட்டுட்டுப் புடிக்கக் கூடாதா?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓடவிட்டா கடைசிக் கொடத்துக்கு யாரு தண்ணி குடுப்பா? ஒங்க அண்ணன் எம்புட்டு நேரம் தொறந்து வப்பாருன்னு எங்களுக்குத்தானே தெரியும்."

ஜெயந்தினி குழாயையே பார்த்தாள். றிஸாத் சேர் எடுத்தது ஓடவிட்ட தண்ணீர். விதி அப்படித்தான். அவள் பரிசோதித்தது ஓடவிட்ட தண்ணீரை. இந்த லயத்தில் யாரும் அந்தத் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை. அவர்கள் குடிப்பது இதை.

அவளிடம் கிருமி நீக்கிய போத்தல் இல்லை. இருந்திருந்தாலும் அவள் எடுத்த தண்ணீரை இங்கே யார் நம்புவார்கள்? வரிசையில் நின்றவர்களிடம் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள். ஒருத்தி மட்டும் தலையாட்டினாள். அம்மாவிடமும் அண்ணியிடமும் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினாள்.

பரிசோதனைக்கூடத்தின் பொறுப்பாளர் ஷம்ரா. பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர், நுண்ணுயிரியல் படித்தவர். குரலை உயர்த்தாமல் பேசுவார். ஜெயந்தினி மூச்சு வாங்கச் சொன்னதை முழுதாகக் கேட்டார். றிஸாத்தையும் வரவழைத்தார்.

"விதிப்படி குழாய ஓடவிட்டுத்தான் எடுக்கணும்," என்றார் றிஸாத். "இல்லாட்டி குழாய் வாயில ஒட்டியிருக்கிற அழுக்குதான் வருதுன்னு சொல்லித் தோட்டத்துல தள்ளிவிட்டுருவாங்க."

"ரெண்டும் எடுங்க சேர்," என்றாள் ஜெயந்தினி. "குழாய் வாயச் சுத்தம் பண்ணிட்டு, மொதல் தண்ணி ஒரு போத்தல். ஓடவிட்டு ஒரு போத்தல். மேல் லயத்திலயும் அதே மாதிரி. வித்தியாசம் இருந்தா தெரிஞ்சிரும்தானே?"

றிஸாத் யோசித்தார். "சரி. செய்யலாம்."

ஷம்ரா அவள் பக்கம் திரும்பினார். "ஆனா இந்தப் போத்தல நீங்க தொடக்கூடாது ஜெயந்தினி. முடிவு நல்லா வந்தாலும் ஒங்க அண்ணனுக்காகன்னு சொல்லுவாங்க. கெட்டதா வந்தாலும் பயந்து மாத்திட்டீங்கன்னு சொல்லுவாங்க. நானே செய்றேன். இன்னொண்ணு, தண்ணி எடுக்கப் போற நாள் ஒங்க அண்ணனுக்குத் தெரியக்கூடாது. எப்பவும் அடைக்கிற மாதிரி அடைச்சு, தொறக்கிற மாதிரி தொறக்கணும்."

"அவருக்குத் தெரியவராது மேடம்."

"முடிவு வர்றவரைக்கும் காத்திருக்கவும் கூடாது," என்று ஷம்ரா றிஸாத்திடம் சொன்னார். "கொதிக்க வச்ச தண்ணியத்தான் குடிக்கணும்னு இன்னைக்கே அறிவிச்சிருங்க."

அன்று பின்னேரம் அண்ணி ஜீவராணி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தாள். குரல் உடைந்திருந்தது. சாவு வீட்டுக் களேபரத்தில் யாரும் கவனிக்காத மேனுஷாவின் காய்ச்சல் கூடிவிட்டதென்று தோட்டத்து மருந்தகத்துக்குக் கொண்டுபோக, அவர்கள் நேரே பதுளைக்கு அனுப்பிவிட்டார்களாம். மேனுஷா, அஜந்தனின் ஒரே மகள். மேல் லயத்துப் பிள்ளைதான். ஆனால் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா கீழ் லயத்தில் இருந்தது. அங்கே கீழ் லயத்துத் தண்ணீர்.

வார்டில் பிள்ளை சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. "அத்தே," என்று கையை நீட்டினாள். அஜந்தன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். ஷேவ் செய்யாத முகம்.

"ஒன்னப் பத்தியும் என்னப் பத்தியும் பேசுறாங்க," என்றான். "நீயே வந்து தொட்டியப் பாரு ஜெயந்தினி. தேச்சுத் தேச்சுக் கழுவி வச்சிருக்கேன். ஒரு பாசி இருக்காது."

"தெரியும்ணே."

"அப்பறம் எங்கருந்து வருது? என் புள்ளைக்கே வந்திருச்சே."

நாளைக் காலையில் றிஸாத் மலையேறப்போவது அவளுக்குத் தெரியும். சொல்லவேண்டும்போல் இருந்தது. பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிவைத்தாள். அஜந்தன் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினான். "நீங்க இருங்களேன்," என்று ஜீவராணி அழுதாள். "நான் போகாட்டி காலையில யாரு தொறக்கிறது? சனம் தண்ணியில்லாம நிக்குமே," என்றான். ஜெயந்தினி அவனைத் தடுக்கவில்லை. அவன் படியிறங்கிப் போவதை வார்டு வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் குளிர்ப்பெட்டி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். கண்ணாடிக்கு அப்பால் ஷம்ரா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு போத்தலாகத் திறப்பது தெரிந்தது. அவள் வழக்கமாகச் செய்யும் வேலை. அதை வேறு கைகள் செய்வதை வெளியில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. தட்டுகள் அலமாரிக்குள் போயின. கதவு மூடியது. இனி ஒரு நாள் கிருமிகளின் நேரம். மனிதர்கள் அவசரப்படுத்த முடியாது.

அந்த ஒரு நாளை அவள் ஆஸ்பத்திரிக்கும் பரிசோதனைக்கூடத்துக்கும் நடந்தே கழித்தாள். தட்டுகள் வெறுமையாக வந்தால், காரணம் தெரியாமல் காய்ச்சல் தொடரும். நிறைந்து வந்தால், பழி அண்ணன் தலையில் விழும். எது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வது? பதுளைக் கடைவீதிக் கோயில் வாசலில் ஒரு கணம் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

"உள்ள வாங்க," என்று ஷம்ரா கூப்பிட்டார். "தொடாமப் பாருங்க."

மேசையில் தட்டுகள் வரிசையாக இருந்தன. தொட்டித் தண்ணீர் வெறுமை. மேல் லயத்துப் போத்தல் இரண்டும் வெறுமை. கீழ் லயத்தில் ஓடவிட்டு எடுத்த தண்ணீரிலும் ஒன்றுமில்லை. கீழ் லயத்து முதல் தண்ணீர்த் தட்டில் மட்டும் வடிதாளே தெரியவில்லை. புள்ளி புள்ளியாக அல்ல, ஒன்றோடொன்று ஒட்டிப் படர்ந்து, தாள் முழுக்க மஞ்சள்.

ஜெயந்தினி குனிந்து தட்டின் மேல் எழுதியிருந்ததை மறுபடி படித்தாள்.

"ஒங்க முதல் அறிக்கை பிழையில்ல," என்றார் ஷம்ரா மெதுவாக. "நாம கேட்ட கேள்விதான் பிழை."

தொட்டி சுத்தம், மேல் லயம் சுத்தம், கீழ் லயம் அழுக்கு. இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ கிருமி நுழையும் வாசல் இருக்கிறது. அன்றைக்கே றிஸாத்தும் ஜெயந்தினியும் ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறினார்கள். அஜந்தனிடம் முடிவைச் சொன்னார்கள். அவன் முன்னால் நடந்தான். குழாய் போகும் வழி அவனுக்குத்தான் தெரியும்.

தேயிலைக்குள் இறங்கி, பிள்ளைக்காம்பராவுக்கு மேலே, மலசலகூடங்களின் கழிவு வழிந்தோடும் சாக்கடைக் கானை நெருங்கியதும் அவன் நடை தளர்ந்தது. கருப்பாகத் தேங்கிக்கிடந்தது கான். குழாய் அதற்குள் இறங்கி மறுகரையில் ஏறியது. அஜந்தன் நின்றான்.

"இங்கதான் பொருத்து வெடிச்சிருக்கு," என்றான். "சைக்கிள் ட்யூப் சுத்திக் கட்டி வச்சிருக்கேன். கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும்."

றிஸாத் குனிந்து பார்த்தார். குறிப்பேட்டை எடுத்து எழுதினார்.

"ஆனா ஒழுகுறது வெளியதானே?" என்று அஜந்தன் தங்கையைப் பார்த்துக் கேட்டான். குரல் கெஞ்சியது. "தண்ணி வெளிய போவுது. வெளிய இருக்கிறது உள்ள எப்பிடிப் போவும்?"

சொல்லாமல் இருக்க முடியாது. "தண்ணி ஓடும்போது வெளியதான் தள்ளும்ணே. நீ மேல அடைச்சதும் கீழ குழாயத் தொறந்து வச்சு மிச்சத்த எல்லாம் புடிக்கிறாங்க. தண்ணி எறங்க எறங்க பைப்பு வெறுமையாவுது. அப்ப அது உறிஞ்சும். ஓட்டையச் சுத்தி என்னா கெடக்கோ அத உறிஞ்சும். திரும்ப நீ தொறக்கயில, அதுதான் மொதல்ல போய் விழுவுது."

"முன்னாடியும் இந்த ட்யூபுதானே இருந்துச்சு? அப்ப ஒண்ணும் ஆகலயே?"

"அப்ப நீ அடைக்கலயே."

அவன் கான் கரையிலேயே உட்கார்ந்தான். காலடி மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். "ஒரு லயத்துக்கும் கொறையக் கூடாதுன்னுதான் அடைச்சு அடைச்சு விட்டேன்," என்றான். ஜெயந்தினி அவன் தோளில் கைவைத்தாள். அவன் அதை விலக்கினான்.

கீழ் லயத்துக்கான வால்வு அந்த இடத்திலேயே பூட்டப்பட்டது. மறுநாள் காலை, ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பிரிக்குமுன், றிஸாத் எல்லாருக்கும் முடிவைச் சொல்ல வந்தார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும் வந்திருந்தார். கொழுந்துக் கூடைகளோடு பெண்களும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளோடு ஆண்களும் நெருக்கி நின்றார்கள். கூலி இல்லாமல் வீடு ஓடாதென்று பெரியாயியும் வெள்ளைச் சேலையில் கூடையோடு வந்து முன்வரிசையில் இருந்தாள்.

றிஸாத் பூசி மெழுகவில்லை. குழாய் கானுக்குள் போகிறது, அங்கே உடைந்திருக்கிறது, கட்டியிருந்த ட்யூப் வழியாகக் கழிவு உள்ளே போயிருக்கிறது என்றார். களம் இரைந்தது.

துரை முந்திக்கொண்டார். "குழாய் உடைஞ்சது எங்களுக்குத் தெரியாது. தண்ணி வேலை பாக்கிறவர் சொல்லியிருக்கணும்."

பெரியாயி துரையைப் பார்க்கவில்லை. "யாரு அந்த ட்யூப கட்டுனது?" என்று கேட்டாள்.

ஜெயந்தினி றிஸாத்தைப் பார்த்தாள். றிஸாத்துக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பழைய ஆள் யாரோ கட்டியது என்று ஒரு வார்த்தை போதும். யாரும் போய் விசாரிக்கப் போவதில்லை. அவள் வாய் திறக்குமுன் அஜந்தன் கூட்டத்தை விலக்கி வெளியே வந்தான்.

"நான்தான் கட்டுனேன்."

பெரியாயியின் கொழுந்தன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். பட்டன் தெறித்தது. ஒரு கவ்வாத்துக் கத்தி உயர்ந்ததை ஜெயந்தினி பார்த்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். யாரோ அவளைப் பிடித்துத் தள்ள, கீழே விழுந்து முழங்கை சிராய்த்தது. அஜந்தன் கையை உயர்த்தக்கூட இல்லை. அடித்தால் வாங்கிக்கொள்வதாகவே நின்றான்.

"விடுடா அவன!"

பெரியாயியின் குரல். கொழுந்தன் பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தான். அவள் அஜந்தனுக்கு மிக அருகில் வந்தாள்.

"புதுப் பைப்பு கேட்டியா?"

"கேட்டேன்."

"எங்க கேட்ட?"

"இங்கதான். இதே களத்துல. ரெண்டு மூணு தரம் கேட்டேன். பட்ஜெட் வரட்டும்னாங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "ஆமா, அவன் கேட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றார். இன்னொரு பெண், "அவரு கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு," என்றாள். பல குரல்கள் எழுந்தன. சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கூட்டம் மெதுவாகத் துரையின் பக்கம் திரும்பியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்க்கலாம், ஏற்பாடு செய்யலாம் என்றார்.

பெரியாயி தலையில் மாட்டியிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றினாள். கூடையைத் துரையின் காலடியில் வைத்தாள். "பைப்பு வரட்டும். அப்பறம் மலைக்குப் போவோம்." அடுத்த கூடை இறங்கியது. அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் களம் முழுக்கக் கூடைகள்.

அன்றைக்கு யாரும் கொழுந்து எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது. அடுத்து குழாய்கள் லொறியில் வந்து இறங்கின. கானுக்கு மேலே தூண் எழுப்பி, கழிவு தொடாத உயரத்தில் குழாயைக் கொண்டுபோனார்கள். இடையில் குழாய் வெறுமையாகாதபடி கீழ் லயங்களுக்கென்று தனித் தொட்டி வைக்கச் சொல்லி ஷம்ரா எழுதினார். அதற்கு மட்டும் பல மாதம் இழுபட்டது. மழை வந்தபிறகு யாருக்கும் அவசரமில்லை. றிஸாத் விடாமல் போய்க் கேட்டுக்கேட்டு அதையும் கட்டவைத்தார்.

காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. மேனுஷா பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஜீவராணி சீப்பில் சுற்றியதைப் பார்த்து அழுவாள். பிறகு அதுவும் வளர்ந்தது. பெரியாயி ஜெயந்தினியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று ஜெயந்தினி நினைக்கவும் இல்லை. வழியில் கண்டால், "எப்ப வந்த?" என்பாள் பெரியாயி. "இப்பத்தாங்க்கா," என்பாள் இவள். அந்த அளவில் நிற்கிறது.

பரிசோதனைக்கூடத்தில், முறைவைத்துத் தண்ணீர் விடும் இடங்களிலிருந்து இப்போது ஒரு குழாய்க்கு இரண்டு போத்தல் எடுக்கிறார்கள். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டத்தில் இதேபோல் இன்னொரு உடைசலைக் காய்ச்சல் வருமுன்பே பிடித்தார்கள். அந்தத் தட்டைப் பார்த்த நாளில் ஜெயந்தினி வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றதை ஷம்ரா பார்த்தார். சந்தோஷமா அழுகையா என்று அவர் கேட்கவில்லை.

அஜந்தன் தண்ணீர் வேலையை விட்டுவிட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. வால்வுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கவ்வாத்து வேலைக்குப் போனான். தங்கையோடு பல மாதம் சரியாகப் பேசவில்லை. அவள் வரும்போதெல்லாம் வெளியே ஏதாவது வேலை வைத்துக்கொள்வான். பொங்கலுக்கு அவள் போயிருந்தபோது, கூட யாருமில்லாத நேரம் பார்த்து, கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டான்.

"நீங்க எழுதுன அந்த ரிப்போட்டுல என் பேரு இருக்கா?"

"இல்லண்ணே. பைப்பு எங்க ஒடஞ்சிருக்கு, எப்பிடி உள்ள போச்சுன்னு மட்டுந்தான் இருக்கு."

அவன் கத்தியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தீட்டினான்.

"போட்டிருக்கலாம்," என்றான். கத்தியைச் சுவரில் சாத்திவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டான்.